கடமலைக்குண்டில் ஒரு பாக்கி

உங்கள் வீட்டுப் பரணிலோ, பீரோவின் அடித்தட்டிலோ, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து அதைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஓர் ஊரையும், அந்த ஊரில் ஒரு பெரியம்மாவையும் தேடிக் கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு நோட்டுத்தான்.

போன வைகாசியில் மதுரையில் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய காதுகுத்துக் கல்யாணத்து மொய் நோட்டு அகப்பட்டது. வருஷம் 1974. பிள்ளையார் சுழிக்குக் கீழே முதலில் தாய்மாமன் பெயர். அப்புறம் வரிசையாக இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், அபூர்வமாகப் பத்து ரூபாய். நடுவில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "கடமலைக்குண்டு வீட்டுக்கார அக்கா: ரூ. 25, இலவம்பஞ்சுத் தலையணை 2, தேங்காய் 11."

இருபத்தைந்து ரூபாய்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷம் பத்துக் கிராம் தங்கம் சுமார் ஐந்நூறு ரூபாய். ஏறக்குறைய அரைக் கிராம் தங்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்துக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறார் ஒரு குடியானவப் பெண்மணி!

நோட்டின் மற்ற வரிகளுக்கெல்லாம் நேரே அம்மா சிவப்பு மசியால் ஒரு கோடு இழுத்திருந்தாள். திருப்பிச் செய்தாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு வரிக்கு மட்டும் கோடு இல்லை. அதற்குப் பதிலாக, பக்கத்தின் இடுக்கில் ஒரு கல்யாணப் பத்திரிகை மடித்து வைத்திருந்தது. 1991-ஆம் வருஷத்துப் பத்திரிகை.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

எண்பத்து மூன்று வயது அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அது ஒரு பாக்கி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னால்தான் போக முடியாது. நீ ஒரு நடை போய்விட்டு வாயேன்" என்றாள்.

கதை இதுதான். கல்யாணத்துக்கு முன்பே அம்மா கடமலைக்குண்டில் பள்ளிக்கூட உபாத்தியாயினியாகப் போனவள். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரிதான் இந்த அக்கா. அம்மாவுக்குத் தாயார் இல்லை. ஆகவே 1973-ல் நான் பிறந்தபோது அம்மாவுக்குக் காயம் இடித்துக் கொடுத்ததும், எனக்குக் காலில் போட்டுக் குளிப்பாட்டியதும் அவர்தானாம். அதே வருஷம் மதுரைக்கு மாற்றலாயிற்று. சில வருஷங்கள் கடிதம் நடந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதுவான். அப்புறம் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். கடிதம் நின்றது. அதற்கப்புறம் வந்தது அந்த 1991 பத்திரிகை ஒன்றுதான். அம்மா போகவில்லை.

ஏன் போகவில்லை என்று அப்போது அவள் சொல்லவில்லை.

ரயிலும் விலக்கும்

மதுரையிலிருந்து தேனிக்கு ரயிலில் போனேன். போடிக்குப் போகிற இந்தப் பாதை 1928-ல் போட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதத்தில். பதினொரு வருஷத்துக்கு மேல் ரயிலும் ஊரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கின்றன! முதல் ரயில் வந்த அன்று ஜனங்கள் திரண்டு வந்து வரவேற்றார்களாம். பழைய சிநேகிதர் திரும்பி வந்தால் கோபித்துக்கொள்கிறவர்களை விடக் கட்டிக்கொள்கிறவர்களே அதிகம் என்று நினைத்து என்னை நானே தைரியப்படுத்திக்கொண்டேன்.

தேனியில் பஸ் மாற வேண்டும். ஆண்டிபட்டி சாலையில் கொஞ்ச தூரம் வந்ததும் 'க. விலக்கு' என்று ஓர் இடம். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. கண்டமனூர் விலக்கு என்பதன் சுருக்கம் அது. இந்தச் சீமையில் பெரிய சாலையிலிருந்து சின்னச் சாலை பிரியும் இடத்துக்கு 'விலக்கு' என்று பெயர். விலகிப் போவதற்கு மட்டுமல்ல, ஊருக்குத் திரும்புவதற்கும் அதே விலக்குத்தான்.

அங்கே தெற்கே திரும்பினால் நிலத்தின் முகமே மாறுகிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கு 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வருகிறது. அதனால் அங்கே இருபோக நெல், வாழை, திராட்சை எல்லாம். இந்தப் பக்கம் வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. இங்கே ஓடுவது மூல வைகை. வெள்ளிமலைக் காட்டில் பிறந்து வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாக இறங்கி, பெரியாற்றுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு வைகை அணைக்குப் போகிறது. மழை பெய்தால் ஆறு, இல்லையென்றால் மணல். நான் போனபோது மணல்தான். ஆனால் இந்த ஊர்களுக்குக் குடிநீர் அந்த ஆற்று மணலுக்குள் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் வருகிறது.

சீர் வருகிறது!

கண்டமனூரைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் உறுமியும் தப்பும் அதிர்ந்தன. ஒரு சரக்கு வண்டி நிறையச் சீர்த்தட்டுகள். மாலை போட்ட இரண்டு ஆட்டுக்கிடாய்கள். பட்டுப் புடவை மடிப்புக் கலையாமல் தட்டேந்தி வரும் பெண்கள். சாலையோரத்தில் ஆள் உயர ஃபிளெக்ஸ் தட்டியில் காதணி விழாவுக்கு வரவேற்பு.

"தாய்மாமன் சீரு அக்கா" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். நாற்பது வயதிருக்கும். அவளும் அந்த விசேஷத்துக்குத்தான் போகிறாள். "மொய்யின்னு மதுரையில சொல்லுவீக. நாங்க செய்முறைன்னு சொல்லுவோம்."

கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். அவள் வீட்டு நோட்டின் பக்கங்களையெல்லாம் படம் பிடித்து வைத்திருக்கிறாள்! "போன வருசம் எங்க மக சடங்குக்கு இவுக ஆயிரம் செஞ்சாக. நான் ஆயிரத்து ஐந்நூறு கொண்டு போறேன்."

"ஆயிரத்துக்கு ஆயிரமே செய்தால் என்ன?"

அவள் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கணக்கு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமாயிருமே அக்கா! கொஞ்சம் கூடப் போட்டாத்தான் அவுக மறுபடி நமக்குச் செய்யணும். இப்படியே போய்க்கிட்டிருக்கும்."

மண்டபத்து வாசலில் மேஜை போட்டு எழுதுகிறவர் இன்னும் இருக்கிறாராம். ஊர், பெயர், தொகை என்று அவர் சொல்ல, மைக்கில் வாசிப்பார்கள். இப்போது சில மண்டபங்களில் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. பணத்தை வாங்கிக்கொண்டு அச்சடித்த ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். வர முடியாதவர்கள் போன் மூலமே அனுப்பிவிடுகிறார்களாம். "பணம் வந்துருது, ஆளு வாரதில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"கையில் இல்லாத வருஷம் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கழுத்துல கிடக்கிறது அடகுக் கடைக்குப் போகும். வட்டிக்கு வாங்குறவுகளும் இருக்காக. அதுவும் முடியலேன்னா, மேலுக்குச் சரியில்லைன்னு வீட்டோட இருந்துக்கிற வேண்டியதுதான். ரெண்டு வீட்டுக்கு அப்படி இருந்துட்டேன். இப்ப அந்தத் தெருவழியாப் போகவே கூச்சமா இருக்கு."

ஊர்வலம் ஒதுங்கியது. பஸ் நகர்ந்தது. எனக்கு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது ஞாபகம் வந்தது.

ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார்

இதெல்லாம் பட்டிக்காட்டு வழக்கம் என்று நினைக்காதீர்கள். பாரிஸில் மார்ஸல் மோஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1925-ல் அன்பளிப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை உலகமெங்கும் இன்றும் படிக்கிறார்கள். கொடுக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று மூன்று கடமைகள் எல்லா ஜனங்களிடமும் உண்டு என்றார். பசிபிக் கடலில் டிரோபிரியண்ட் தீவுகளில் சிப்பி மாலையை ஒரு திசையிலும் சிப்பிக் காப்பைத் எதிர்த் திசையிலும் தீவு தீவாகப் படகில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கடைத்தெருவில் அதற்கு ஒரு விலையும் கிடையாது. அந்தக் கொடுக்கல் வாங்கலால் கடலுக்கு அக்கரையில் ஒரு சிநேகிதர் இருக்கிறார், அதுதான் லாபம்.

அந்த மோஸின் மாணவர் லூயி துமோன். அவர் எங்கே வந்தார் தெரியுமா? நம் மதுரைக்கு மேற்கேதான்! 1949, 1950-ல் பிரமலைக் கள்ளர் கிராமங்களில் தங்கி, யார் யாருக்கு என்ன சீர் செய்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு போய் 1957-ல் பிரெஞ்சில் பெரிய புத்தகமாகப் போட்டார். ஒரு கல்யாணத்தில் ஏற்பட்ட சம்பந்தம் அந்தத் தம்பதியோடு முடிந்துவிடுவதில்லை. தாய்மாமன் சீராக அடுத்த தலைமுறைக்கும் நடந்துகொண்டே போகிறது என்று காட்டினார். நாம் பஸ் ஜன்னலில் பார்த்த ஊர்வலத்துக்குத்தான் அத்தனை பெரிய விளக்கம்!

தஞ்சாவூர் ஜில்லா பேராவூரணிப் பக்கமும், புதுக்கோட்டை ஜில்லா கீரமங்கலம் பக்கமும் இன்னும் ஒரு படி மேலே போய், கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே ஆனி, ஆடியில் 'மொய் விருந்து' வைக்கிறார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு, பல வருஷமாகப் போட்டு வைத்ததைத் திரும்ப வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள் உண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே தென்னைகளை அடியோடு சாய்த்தபோது, கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவர் இருவர் கையும் ஒரே நேரத்தில் காலியாயின. அப்போதுதான் தெரிகிறது, இந்தக் கயிறு எவ்வளவு பலமோ அவ்வளவு அறுக்கவும் அறுக்கும் என்று.

டீச்சர் வீடு

கடமலைக்குண்டு பெரிய ஊர் அல்ல. ஆனால் ஒன்றியத்தின் பெயரில் அதற்கும் இடம் உண்டு. கடமலை–மயிலை ஒன்றியம் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மேற்கே மேகமலைத் தொடர் நீலமாக நிற்கிறது. அந்தக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. ஆற்றோரம் தென்னந்தோப்புகள், மேட்டு நிலத்தில் இலவ மரங்கள். காய் வெடித்த மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கிளைதோறும் வெள்ளைத் துணி உலர்த்தியது போலிருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும், "யாரு வீட்டுக்குக்கா?" என்று கேட்டாள் கூட வந்த பெண். பத்திரிகையில் இருந்த வீட்டுப் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "டீச்சர் வீடா?" என்றாள்.

நான் திடுக்கிட்டேன். "அந்த வீட்டில் இப்போது டீச்சர் யாராவது இருக்கிறார்களா?"

"இல்லையே. எனக்குத் தெரிஞ்சு எந்த டீச்சரும் இருந்ததில்லை. ஆனா அந்த வீட்டுக்கு அதுதான் பேரு."

அம்மா அந்த வீட்டைக் காலி செய்தபோது இந்தப் பெண் பிறந்திருக்கவே இல்லை!

திண்ணையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்து இலவங்காயைப் பிரித்துப் பஞ்சையும் கொட்டையையும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் புரை. காலடிச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தார்.

"பெரியம்மா, நான் மதுரையிலிருந்து வருகிறேன். இங்கே குடியிருந்த டீச்சருடைய மகள்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "கிட்ட வாத்தா" என்றார். குனிந்தேன். பஞ்சு ஒட்டியிருந்த விரல்களால் என் முகத்தைத் தடவி, இரண்டு காது மடல்களையும் பிடித்துப் பார்த்தார். "காது தூர்ந்து போகலை" என்றார். "குத்தும்போது எம்புட்டு அழுகை அழுதே! உங்க ஆத்தா இருக்காகளா?"

"இருக்கிறார், பெரியம்மா."

"நல்லாருக்கட்டும். உக்காரு."

மோர் வந்தது. பேரனின் மனைவி விசிறியைப் போட்டாள். நலம் விசாரித்தோம். திருப்பூருக்குப் போன மகன், அதுதான் கடிதம் எழுதிய மகன், காலமாகிப் பல வருஷமாகிவிட்டதாம். 1991-ல் கல்யாணமான பெண் கோயமுத்தூரில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாளாம். அவளுக்கு எங்களைத் தெரியாது.

நான்தான் பேச்சை எடுத்தேன். "அந்தக் கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை. மன்னிக்க வேண்டும்." புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அம்மா என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அந்த வருஷம் அப்பா வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்தது. நகை எல்லாம் வட்டிக் கடையில். அக்கா மகள் கல்யாணத்துக்குக் குறைந்தது ஐந்நூறு ரூபாயாவது செய்ய வேண்டும் என்று அம்மாவுக்குக் கணக்கு. வீட்டில் ஐம்பது ரூபாய் இல்லை. அடுத்த மாசம் போகலாம் என்று இருந்தாள். அடுத்த மாசம் போனால், ஏன் போன மாசம் வரவில்லை என்று கேட்பார்களே என்று கூச்சம். ஒரு வருஷம் ஆனதும் கூச்சம் இரண்டு மடங்காயிற்று. பத்து வருஷம் ஆனதும் நினைக்கவே பயமாயிற்று.

நீங்களே யோசித்துப் பாருங்கள். சண்டை போட்டுப் பிரிந்த சிநேகங்கள் நம் வாழ்க்கையில் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் இப்படித்தான் போயிருக்கும். மறந்துபோய்விட்டோம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் மறதி பாதி, வெட்கம் பாதி.

பெரியம்மா கொஞ்ச நேரம் பஞ்சைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"பந்தி முடியிற வரைக்கும் மொய் எழுதுறவுககிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன், மதுரை டீச்சர் வந்தாகளான்னு" என்றார். "எனக்கும் வீம்பு. உத்தியோகத்துல இருக்கிறவுக, நம்மளை மறந்துட்டாகன்னு நெனைச்சுட்டேன். ஒரு ஆளைவிட்டுக் கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். கேக்கலை." பிறகு என் காதை மறுபடி தொட்டார். "காதுல போட ஒண்ணும் இல்லாத காலத்துல நாங்க என்ன செய்வோம் தெரியுமா? ஈர்க்குச்சியை ஒடிச்சுச் சொருகி வைப்போம். ஓட்டை தூர்ந்துறக் கூடாதுல்ல? தங்கம் எப்ப வருதோ அப்ப வரட்டும். வெறுங்கையோட வந்து ஒரு வாய்ச் சோறு தின்னுட்டுப் போயிருந்தா, நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஐயாயிரத்தொரு ரூபாய் போட்டிருந்த கவரைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். பெரியம்மா தள்ளவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பேரன் மனைவியைக் கூப்பிட்டு, "நோட்டை எடுத்துட்டு வா" என்றார்.

அவள் பேனாவைத் திறந்துகொண்டு, "பழசா புதுசா, அப்பத்தா?" என்று கேட்டாள்.

பெரியம்மா நெற்றியைச் சுருக்கிக் கணக்குப் போட்டார். "இருபத்தஞ்சு பழசு. அது திரும்பி வந்துருச்சு. மிச்சம் புதுசுன்னு எழுது. அதை நாமதான் செய்யணும்." என் பக்கம் திரும்பி, "உன் வீட்டுல அடுத்து என்ன விசேசம்?" என்றார்.

"என் பெண்ணுக்கு இன்னும் வரனே பார்க்க ஆரம்பிக்கவில்லை, பெரியம்மா!"

"பாரு. சீக்கிரம் பாரு. எனக்கும் எண்பத்தேழு ஆச்சுல்ல" என்றார்.

போனில் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஏதேதோ பேசி அழப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன். ஐம்பது வருஷச் சமாசாரம் அத்தனையையும் விட்டுவிட்டு, முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று கால் மணி நேரம் பேசினார்கள்.

மறுபடியும் ஒரு வரி

இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பேரன் மனைவி மரியாதையாக நடந்துகொண்டாள். ஆனால் அவளுக்கு நான் நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். என் மகளுக்கோ கடமலைக்குண்டு என்பது உச்சரிக்கச் சிரமமான ஒரு பெயர். இரண்டு கிழவிகளுக்குப் பிறகு இந்த உறவை யார் தூக்கி நடத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அங்கே போகும் என்பது மட்டும் நிச்சயம்.

புறப்படும்போது பெரியம்மா என் கையில் ஒரு மூட்டையைத் திணித்தார். உள்ளே புது இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று. தோட்டத்து எலுமிச்சம்பழம் ஒரு பை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பாரிஸ் பேராசிரியரே சொல்லியிருக்கிறார் அல்லவா?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நோட்டையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்தேன். 1974-ஆம் வருஷத்து வரிக்கு நேரே கோடு இழுப்பாள் என்று பார்த்தேன். அவள் பக்கத்தைப் புரட்டினாள். கடைசியில் காலியாக இருந்த தாளில், நடுங்கும் கையால் புதிதாக எழுதினாள். "கடமலைக்குண்டு அக்கா: தலையணை 1, எலுமிச்சை 40."

அன்று இரவு அந்தத் தலையணையில்தான் படுத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டு நோட்டிலும் கோடு இழுக்காத வரி ஒன்று இருக்கும். தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள். தங்கம் இல்லாவிட்டால் ஈர்க்குச்சி. ஒரு போன், ஒரு கார்டு, வெறுங்கையோடு ஒரு நடை. காது தூர்வதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிடுங்கள்.